மரவள்ளிக்கிழங்கும் இஞ்சிச் சோடாவும்

வைகாசியில் எங்கள் சண்டிலிப்பாய்ச் செம்மண் காலை எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிடும். அதனால் அன்று விடிந்ததும் தோட்டத்தில் இறங்கிவிட்டோம். கணவர் மோட்டரைப் போட, நான் மண்வெட்டியோடு நின்று வாய்க்காலைத் திருப்பிக் கத்தரிப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினேன். ஆறு வயது மகள், உதவி செய்கிறாளாம், வரம்பையெல்லாம் மிதித்து உடைத்தாள். பிறகு கணவர் ஒரு மரவள்ளியைப் பிடுங்கித் தந்துவிட்டு மோட்டார்சைக்கிளில் சந்தைக்குப் போனார். நான் பானையை மூடாமல் கிழங்கை நன்றாக அவித்து, பச்சைமிளகாய்ச் சம்பலோடு வைத்தேன். மகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு வெளியே ஓடினாள். முற்றத்தில்தான் நிற்பாள் என்று நான் திரும்பவும் பாத்திக்குப் போனேன்.

கிழக்கு வேலிக்கு அப்பால் என் அண்ணை தனியாக இருக்கிறார். ஓட்டோ ஓட்டுகிறார். ஏழு வருடங்களுக்கு முன் வேலி அடைத்தபோது, கதியாலை ஒரு முழம் என் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று நான் கத்தினேன். அவரும் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு முழ மண்ணில் என்ன விளையும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மகள் பிறந்ததற்குக்கூட அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. வேலியில் ஓர் ஓலைக்கிடுகு விலகினாலும் அன்றே கட்டிவிடுவேன்.

அந்த வேலிதான் சடசடவென்று முறிந்தது. மாடு நுழைகிறது என்று மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். கிடுகுகளைப் பிய்த்துக்கொண்டு, வெறும் மேலும் சாரமுமாக, வந்து நின்றவர் அண்ணை. அவர் கையில் என் மகள்!

"பிள்ளை கிழங்கு திண்டவளோ?"

"ஓம்." பேசாத ஆளுக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"ஐயோ, இப்பதான் இஞ்சிச் சோடா குடிச்சவள். நான்தான் குடுத்தனான்."

மரவள்ளியும் இஞ்சியும் ஒரு வயிற்றில் சேர்ந்தால் ஆள் தப்பாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிழங்கு அவிக்கிற நாளில் இஞ்சித் துண்டை அடுப்படியிலேயே வைக்கமாட்டோம்.

"பழி தீத்துப்போட்டியளே, பாவி!" என்று கத்தினேன். அவர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு ஓட்டோவை எடுக்க ஓடினார்.

வழி முழுக்க மகளின் நெற்றியையும் உதட்டையும் தடவித் தடவிப் பார்த்தேன். நடுநடுவே அண்ணையையும் திட்டினேன். மகளோ ஓட்டோவில் போகிற சந்தோஷத்தில் இருந்தாள்.

"எப்ப தொடக்கம் அங்கை போறாய்?"

"எப்பவும் போறனான் அம்மா. பூவரசுக்குப் பின்னாலை வேலியிலை ஒரு பொட்டு இருக்கு. அதுக்குள்ளாலை பூந்து போவன்."

நான் நாள் தவறாமல் பார்க்கிற வேலி! கண்ணாடியில் அண்ணையின் முகம் தெரிந்தது. வியர்த்து ஊற்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசுப்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் மகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கிழங்கு கசந்ததோ?"

"இல்லை டொக்டர். மூடாமல் வடிவா அவிச்சனான்."

"அப்ப பயப்பிடாதேங்கோ. நஞ்செண்டால் கிழங்கிலைதான் இருக்கும், இஞ்சியிலை பழியில்லை. எதுக்கும் கொஞ்ச நேரம் இருந்து பாத்திட்டுப் போங்கோ. வேறை ஆரும் திண்டதோ?"

"மாமாவும் திண்டவர்," என்றாள் மகள். "நான் சட்டைப் பொக்கற்றுக்கை ரெண்டு துண்டு கொண்டு போனனான். நாங்கள் சோடா குடிச்சு முடிய அவருக்குக் குடுத்தனான்."

டொக்டர் கதவடியில் நின்ற அண்ணையைப் பார்த்தார். "கூடாதெண்டு தெரிஞ்சுகொண்டோ ஐயா திண்டனீங்கள்?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "ஓம். அம்மா அவிச்சது எண்டு பிள்ளை நீட்டினாள். திண்டிட்டன். பிறகுதான் தானும் திண்டனான் எண்டு சொன்னாள்."

தன் உயிருக்குப் பயந்து இந்த மனிதர் வேலியைப் பிய்க்கவில்லை. தன் வயிற்றிலும் நஞ்சு என்று நம்பிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல், அவ்வளவு தூரமும் ஓட்டியிருக்கிறார். நான் பின்னால் இருந்து திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின. கோபம்தான் முந்திக்கொண்டது.

"உங்களுக்கென்ன விசரோ அண்ணை?" நான் போட்ட சத்தத்தில் அங்கிருந்த எல்லோரும் திரும்பினார்கள். "கிழங்கு வேணுமெண்டால் வாய் திறந்து கேட்டிருக்கலாமெல்லோ!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கேட்டிருந்தால் தந்திருப்பியோ?"

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். தந்திருக்கமாட்டேன்.