மூடிய ஜன்னல்களின் நடுவே

மீன்சுருட்டியிலிருந்து, தெற்கு பிரான்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், தனியாக பஸ் ஏறி, குன்றின் மேலிருக்கும் பழைய கிராமம் ஒன்றைப் பார்க்கப் போனேன். வீடுகளெல்லாம் பல நூற்றாண்டு பழைய கல் வீடுகள்.

ரசித்துக்கொண்டே நடந்ததில், ஊரைச் சுற்றியிருந்த மதிலின் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். எதிரே திராட்சைத் தோட்டம்தான் இருந்தது. திரும்பி உள்ளே போனால் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி தெரிந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. வழி கேட்க ஒரு ஆள் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. கடைசி பஸ் கிளம்பும் சத்தம் கீழே எங்கோ கேட்டது.

பயத்தில், "யாராவது இருக்கீங்களா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

ஒரு ஜன்னல் திறந்தது. என் வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கி வந்து, என்னை உள்ளே அழைத்துப்போய், தன் வீட்டு போனைக் கையில் கொடுத்தார். மகளைக் கூப்பிட்டு, எந்த ஊரில் இருக்கிறேன் என்று சொன்னேன்.

"ஏம்மா சொல்லாம கொள்ளாம போன? அங்கயே இரு, வந்துடறேன்" என்று மகள் அழுதாள்.

அவள் வரும்வரை அந்தப் பெண்மணி தன் மொழியிலும் நான் தமிழிலும் பேசிக்கொண்டே இருந்தோம். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. கிளம்பும்போது அவர் என் கையை விடவே இல்லை.

இப்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் பழைய கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் யாராவது எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் திகைத்து நின்றால், அவர்கள் பாஷை தெரியாவிட்டாலும் நானே போய், "எங்கங்க போகணும்?" என்று கேட்டுவிடுகிறேன்.