கிழிந்த உதட்டுக்குக் களிம்பு

இன்று ஆய்வகத்தில் அடி வாங்கினேன்.

மாத்திரை மேல்பூச்சில் என்ன பாலிமர் இருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மெஷினில் பார்ப்பது என் வேலை. மூன்று நாளாக, மாத்திரையே போடாமல் வெறும் கரைப்பானை விட்டாலும் திரையில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர் வந்து நின்றது; கிரீம்களில் சேர்ப்பது அது.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சேகர் அண்ணன் என் காலரைப் பிடித்தார்.

"கையில இன்னா கிரீம் பூசிகினு வர்ற? மெஷின நாஸ்தி பண்ணிட்டியே."

"நான் ஒண்ணும் பூசலண்ணா."

முகத்தில் ஒரே குத்து. உதடு கிழிந்து வெள்ளைக் கோட்டெல்லாம் ரத்தம்.

ரத்தத்தைப் பார்த்ததும் அவரே, சுட்டுக்கொண்ட தன் விரலுக்கு மூன்று நாளாகப் போட்டுவரும் களிம்பை எடுத்து என் உதட்டில் தடவினார்.

ட்யூபில் அச்சிட்டிருந்த சேர்மானங்களில் முதல் பெயரே பாலிஎத்திலீன் கிளைக்கால்.

ட்யூப் என்னோடு ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது. நாளை மேனேஜரிடம் கொடுக்கவா, இல்லை சேகர் அண்ணன் உதட்டுக்கும் தேவைப்படும்படி செய்யவா?