கடைசித் துண்டு

வில்ஃப் டிரெம்பாத் தன் வாழ்நாளில் படித்ததெல்லாம் குதிரைக் கதைகள்தான். அதுவும் தூசி வார்டில் வந்து படுத்த பிறகு. அதற்கு முன்னால் சுரங்கத்தில் பாறை அள்ளினான், குடித்தான், சண்டை போட்டான், தம்பி ஆல்பியைப் புதைத்தான். சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

கால்கூர்லிப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவனுக்குப் பாறைத் தூசி படிந்து படிந்து நெஞ்சு கல்லாகிவிடும். கல்லானவர்களைப் போட்டு வைக்க ஊருக்கு வெளியே ஒரு தகரக் கூரை வார்டு. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முழுநேர ஊழியன். ஞாயிறுதோறும் அங்கே போவேன். முதலில் எங்கள் பிரசுரங்களைத்தான் கொண்டு போனேன். வில்ஃப் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல குதிரையே இல்லையே தலைவரே."

"உரிமை இருக்குடா."

"உரிமைல ஏறி எங்க போறது? குதிரை கொண்டா."

பழைய புத்தகக் கடையில் அட்டை போன குதிரைக் கதைகள் கிடைத்தன, கௌபாய்கள் துப்பாக்கியோடு அலைகிற ரகம். கொண்டு போனேன். புத்தகம் வந்தவுடன் அதன் முதுகைப் பிளந்து துண்டு துண்டாகக் கிழிப்பார்கள். முதல் துண்டு கதவோரக் கட்டிலுக்கு. படித்து முடித்தவன் அடுத்த கட்டிலுக்குத் தள்ள வேண்டும். இப்படியே வார்டு முழுக்கப் போகும். முன்னால் படித்தவன் பின்னால் இருப்பவனுக்குக் கதையைச் சொல்லக் கூடாது. எவனாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப் போனால், சிஸ்டர் வந்து துணியைச் சுருட்டுவதற்குள் பக்கத்துக் கட்டில்காரன் அதை உருவிவிடுவான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மத்தியானம் கூரை காய்ந்ததும் மூச்சு முட்டும். அந்த நேரத்தில் பயந்தவன் போய்விடுவான். வில்ஃப் மட்டும் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொள்வான். ஒரு வரி, ஒரு மூச்சு. அடுத்த வரி, அடுத்த மூச்சு. கழிப்பறைக்கு நடக்க முடியாத மனிதன் மலை ஏறி, ஆறு தாண்டி, துப்பாக்கிக்குத் தப்பி, மாலைக் காற்றுக்கு வந்து சேர்ந்துவிடுவான்.

"அவன் ஓடுறான் பாரு தலைவரே, அவன் மூச்சுல பாதிய நான் வாங்கிக்கிறேன். அவனுக்கென்ன, நிறைய இருக்கு," என்றான் ஒரு முறை.

அந்த வார்டுக்குத்தான் கிளெம் ஹாடோ வந்தான்.

ஹாடோ சுரங்கத்தில் மேஸ்திரி. பாறையைத் துளைக்கிற மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் உண்டு. தண்ணீர் விட்டால் தூசி அடங்கும், வேலை மெதுவாகும். ஹாடோவின் ஷிப்டில் வேலை மெதுவானதே இல்லை. அந்த ஷிப்டில் வேலை பார்த்த வில்ஃபின் தம்பி ஆல்பி செத்த பிறகு நடந்த விசாரணையில் ஹாடோ, தண்ணீர் எப்போதும் திறந்துதான் இருந்தது, ஆல்பிக்குப் பிறவியிலேயே நெஞ்சு பலவீனம் என்று சத்தியம் செய்தான். கடைசியில் அதே தூசி அவனுக்குள்ளும் இறங்கியிருந்தது.

அவனுக்குக் கிடைத்த கட்டில் வில்ஃபுக்கும் எத்தோரேவுக்கும் நடுவில். எத்தோரே இத்தாலிக்காரன். விரலை வைத்து, வாய்விட்டு முனகி, எழுத்தெழுத்தாகப் படிப்பவன். வார்டே அவனைத் திட்டும்.

"டேய் எத்தோரே, குதிரை கிழடாகிச் செத்துடும்டா. தள்ளுடா!"

"செத்தா செத்துட்டுப் போவட்டும். உனக்கு முன்னாடி நான் சாவேன், அதுக்குள்ள படிக்க வேணாமா?"

ஹாடோ வந்த நாளிலிருந்து வில்ஃப் துண்டைக் கையில் கொடுப்பதில்லை. ஹாடோவின் நெஞ்சுக்கு மேலாக எத்தோரேவுக்கு வீசுவான். காகிதம் அவன் மூக்கை உரசிக்கொண்டு போகும். ஒரு மத்தியானம் ஹாடோவுக்கு மூச்சு முட்டியது. முகம் நீலமாகி, விரிப்பைப் பிராண்டினான். ஒருவரும் சிஸ்டரைக் கூப்பிடவில்லை. எத்தோரே மட்டும் வழக்கம்போல முனகிப் படித்துக்கொண்டிருந்தான். காலில் குண்டு பட்ட ஒருவன் குதிரையும் செத்து, குடுவையும் காலியாகி, பாலைவனத்தில் ஓர் ஊற்றைத் தேடி நொண்டிப் போகிற கதை. ஹாடோவின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் படிப்பா," என்றான்.

வில்ஃப் அதைப் பார்த்துவிட்டான். மறுநாளிலிருந்து துண்டுகளை ஹாடோவின் கையிலேயே கொடுத்தான். கதவோரக் கட்டில்காரர்கள் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். வில்ஃப் ஒரே ஒரு பதில்தான் சொன்னான்: "பொறுங்கடா."

அடுத்த ஞாயிறு நான் போனபோது ஹாடோ தேய்ந்து போயிருந்தான். கண் மங்கிவிட்டது, காகிதத்தைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. அந்தப் பாலைவனக் கதையின் கடைசித் துண்டு வில்ஃபின் தலையணைக்கு அடியில் இருந்தது. எத்தோரேதான் முதலில் என்னிடம் புகார் சொன்னான்.

"நீங்களே கேளுங்க தலைவரே. அந்தாளு மேல கோவம்னா அந்தாளப் பட்டினி போடட்டும். நான் என்ன பாவம் பண்ணேன்?"

ஹாடோ கேட்டான், "வில்ஃப், அவன் ஊத்துக்குப் போய்ச் சேந்தானா?"

"சொல்றேன் மேஸ்திரி. மொதல்ல நீ சொல்லு. தண்ணிய மூடினது யாரு?"

"கம்பெனி..."

"கம்பெனிக்கு ஏது கை? வால்வத் திருகின கை எது?"

எத்தனையோ கூட்டம் போட்டும், வக்கீலைப் பிடித்தும் எங்கள் சங்கத்தால் அந்த ஆள் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியவில்லை. இப்போது அவன் வலது கையை விரிப்பிலிருந்து கொஞ்சம் தூக்கினான்.

"இதுதான்."

"ஆல்பி கேட்டானா?"

"கேட்டான். தண்ணியத் தொறந்து விடுங்க மேஸ்திரி, கண்ணே தெரியலன்னான்."

"நீ என்ன சொன்ன?"

ஹாடோ மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "உங்காத்தாகிட்ட போய்க் குடிடான்னேன்."

வில்ஃப் தலையணைக்கு அடியிலிருந்து துண்டை எடுத்தான்.

"நீயே படிச்சிடு வில்ஃப், எனக்குக் கண்ணு தெரியல," என்றான் ஹாடோ.

வில்ஃப் படித்தான். தன் சொந்த மூச்சைச் செலவழித்துப் படித்தான். குண்டு பட்டவன் முழங்காலில் தவழ்ந்து பாறை இடுக்குக்குப் போகிறான். கையை உள்ளே விடுகிறான். மணல். தோண்டுகிறான். மறுபடியும் மணல். நகம் பிய்கிறது.

"தண்ணி இல்லையா?" என்றான் ஹாடோ.

"இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"ஈரம்கூட இல்ல. அங்கயே வாயில மண்ணோட சாகுறான். அவ்ளோதான் கதை."

ஹாடோ கண்ணை மூடிக்கொண்டான். வில்ஃப் துண்டை எத்தோரேவுக்கு வீசினான். எத்தோரே ஆவலாக விரலை வைத்துத் தொடங்கினான். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். திடீரென்று எழுந்து உட்கார்ந்தான்.

"டேய் வில்ஃப்! தண்ணி இருக்குடா இதுல! இடுப்பளவு நிக்குது! பொழச்சிக்கிறான்டா!" ஹாடோவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "மேஸ்திரி, அவன் பொய் சொல்றான். குடிக்கிறான், குளிக்கிறான், எல்லாம் இருக்கு."

ஹாடோ கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "நீ நல்லவன்டா எத்தோரே."

"எங்கம்மா சத்தியமா! டேய், மொதல்லயே படிச்சவனுங்களே, நீங்க சொல்லுங்கடா!"

கதவோரக் கட்டில்களில் அத்தனை பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எத்தோரேவிடமிருந்து துண்டை வாங்கினேன். ஹாடோவின் காதருகே குனிந்து, உள்ளதை உள்ளபடி, வரி விடாமல் படித்தேன். ஊற்று, தண்ணீர், மறுநாள் காலை அவன் எழுந்து நடப்பது வரைக்கும் படித்தேன். கூட்டங்களில் பேசிப் பேசி என் குரல் ஒரே தினுசாகிவிட்டிருந்தது. ஹாடோ பொறுமையாகக் கேட்டான்.

"சங்கத்துக்காரரு படிச்சா கடைசியில ஜெயிக்கத்தானே செய்வான்," என்றான். "வில்ஃப் படிச்சதுதான் சரி. அப்படித்தான் முடியும்."

அவ்வளவுதான். சாயங்காலம் மறுபடி மூச்சு முட்டியது. சிஸ்டரை நான் கூப்பிட்டேன், அவளும் ஓடி வந்தாள். பிடித்துக்கொள்ள அவனுக்கு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான், அரை மணி நேரம் போல. வில்ஃப் தலையைத் திருப்பாமல் முழுவதையும் பார்த்தான்.

கட்டிலைக் காலி செய்த பிறகு வில்ஃபின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவன் வாயால ஒத்துக்கிட்டான்லடா. அதுக்கப்புறமும் ஏன் மாத்திப் படிச்ச?"

"ஒத்துக்கிட்டா தண்ணி குடுக்கறேன்னு சொல்லல. சொல்றேன்னுதான் சொன்னேன். சொன்னேன்ல?"

கதை மனிதனை நல்லவனாக்கும் என்று எங்கள் பிரசுரத்திலேயே நான் எழுதியிருக்கிறேன். வில்ஃப் அதற்குப் பிறகும் ஒரு குளிர்காலம் முழுக்க உயிரோடு இருந்தான், முன்னைவிட நன்றாகவே படித்தான். எத்தோரே அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வில்ஃபுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

"அத விடு," என்றான் வில்ஃப், ஹாடோ செத்த அன்றைக்கே, என் பையை எட்டிப் பார்த்துக்கொண்டே. "புதுசு ஏதாவது கொண்டாந்தியா?"

கொண்டு வந்திருந்தேன். கொடுத்தேன். அவனே முதுகைப் பிளந்து கிழித்தான்.