பக்கவாட்டு ஜன்னல் வரிசையில் வேலுச்சாமி

செவ்வாய்க்கிழமை காலை, சாம்பாரில் உப்பு இல்லை என்று நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது நம் கடைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார், மோர் வாங்கிக் குடித்தார், பிறகு சொன்னார்: "வேலுச்சாமி போயிட்டாருப்பா. மூச்சுத் திணறலாம். ஞாயித்துக்கெழம கூட்டத்துல வாசிக்க ஏதாவது எழுதிக் குடு. அவரோட சேந்து அளந்தவன் நீதான." எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நல்லதா மட்டும் எழுது" என்றார்.

நான் எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். அதனால் எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள தமிழ் எனக்குச் சற்றுக் கூடுதலாகவே தெரியும். அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உலக யுத்த காலத்தில் வியாபாரிகள் அரிசியைப் பதுக்கியபோது, தெருக்காரர்கள் சேர்ந்து காளவாசலில் நம் கடையைத் திறந்தது உங்களுக்குத் தெரியும். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. சொந்த வேலை முடிந்ததும் முறை வைத்து வந்து அளந்தோம். வேலுச்சாமி அண்ணன் தச்சர். கோச்சடையிலிருந்து நடந்தே வருவார்.

படியில் அரிசியை நிரப்பி மேலே உள்ளங்கையால் தட்டி அளப்பது என் வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதல் நாளே பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "மாப்ள, ஒன் உள்ளங்கை குழி. நீ தட்டுனா அரிசியும் குழியுது." மறுநாள் படியின் வாயை மட்டமாக வழிக்கத் தேக்கில் ஒரு சட்டம் இழைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. "முன்வாசல்ல கும்பாச்சியா குமிச்சு அளக்குற, ஜன்னல்ல மட்டும் ஏன் குழியுது?" என்றும் கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஜன்னல் என்றால் எதுவென்று நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், வாசிக்கும்போது வெளியூர்க்காரர் யாரும் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். தெருக்காரர்களுக்கு முன்வாசல். சேரி ஜனங்களுக்குப் பக்கவாட்டு ஜன்னல். வெயிலில் நின்று துணியை விரித்துப் பிடிப்பார்கள். நாங்கள் உயரத்திலிருந்து கொட்டுவோம். பொதுக் கடை என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அண்ணன் இரண்டு பலகையைக் கொண்டுவந்து அந்த ஜன்னலை உள்பக்கமாக அடைத்தார். ஆணிகளை நான் வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். "வாயில ஆணி இருக்குற வரைக்கும் நீ பயந்து பேசமாட்டேல்ல, அதுக்குத்தான்" என்றார். சாயந்தரம் சேரியிலிருந்து காளியம்மாள் வந்து அடைத்த ஜன்னலைப் பார்த்து நின்றாள். "எங்களுக்கு அரிசி இல்லையா சாமி?"

"இருக்கு தாயி. ஜன்னல்தான் இல்ல. முன்னால வந்து நில்லு."

அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் வெறும் பையோடு வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை முன்வாசலில் பாதி ஆள் இல்லை. என் மனைவியும் வரவில்லை.

புதன்கிழமை கூட்டம் போட்டோம். நீங்கள் பலரும் இருந்தீர்கள். தலைவர் கோபப்படவே இல்லை. "வேலுச்சாமி ரெம்ப நாள் ஒழச்சிட்டாரு. இனிமே ஓய்வெடுக்கட்டும். சம்மதிக்கிறவுக கை தூக்குங்க" என்றார். என் மூத்த மகளுக்குத் திருவாதவூரில் ஒரு நல்ல இடம் பேச்சில் இருந்தது. பேசிக்கொடுத்தவர் தலைவர்தான். அவர் அறை முழுவதையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என் கை உயர்ந்தது.

ஆணி எடுத்துக் கொடுத்தவன் யார் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். என் பக்கம் வந்தபோது, நான் இன்னும் கையை இறக்காமல் இருந்தேன். "எறக்கு மாப்ள, வலிக்கும்" என்றார். வாசலுக்குப் போய்விட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். ஆகவே, கை தூக்கியதற்கு முழுசாக வருத்தப்படக்கூட எனக்கு வழியில்லை.

ஜன்னலைத் திறந்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை நான் உள்ளே அளந்துகொண்டிருந்தேன். வெளியே காளியம்மாளுக்குப் பின்னால் பையோடு வேலுச்சாமி அண்ணன் நின்றார். அங்கத்தினர், முன்வாசலில் நிற்க உரிமை உள்ளவர். காளியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "ஒங்களுக்கு ஏன் சாமி இந்த வேகாத வெயிலு? அங்கிட்டுப் போங்க" என்றாள்.

"அங்கிட்டு ஒரே பேச்சுச் சத்தம் தாயி. காது வலிக்குது."

வாரம் தவறாமல் அங்கேதான் நின்றார். எத்தனையோ சனிக்கிழமை அவருக்கு நான்தான் அளந்தேன். அவரும் பையை விரித்துப் பிடிப்பார். நான் கொட்டுவேன். ஒரு வார்த்தை குத்தலாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மக வந்திருக்காளா?" என்று கேட்பார். "வாரேன் மாப்ள" என்று போய்விடுவார். போன மாதம் இருமல் அதிகமாக இருந்தது. அப்போதும் வரிசையில்தான் நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவர் படத்தை உள்ளே மாட்டப் போகிறோம். கடைக்காக உழைத்த உத்தமர் என்று கீழே எழுதுவதாகத் தலைவர் சொன்னார். எழுதட்டும். பொய்யில்லை. நாம் அவரை வெளியே அனுப்பினோம் என்பதற்கும் கீழே இடம் இருக்கும்.

நேற்று சனிக்கிழமை, என் முறை இல்லை. பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் வரிசையில் போய் நின்றேன். காளியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"சாமி, ஒங்க வரிச அங்கிட்டு. நீங்க இங்க நின்னா எங்களுக்குல்ல வம்பு."

"வேலுச்சாமி நின்னாரே" என்றேன்.

"அவுக நின்னாக. நாங்களும் அம்புட்டுத் தடவ போகச் சொன்னோம். போகல."

முன்வாசலிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். எனக்கு இடம் விட்டார்கள்.

வேலுச்சாமி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் சொன்ன அந்த 'போகல'தான். அடுத்த சனிக்கிழமை ஜன்னலில் அளக்கும் முறை என்னுடையது. அண்ணன் இழைத்த சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன்.