ஆறாவது துளை

பர்மாவில், தாமுவே வட்டாரத்தில் எங்கள் மாமாவின் துப்பாக்கியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கேள்விப்படாதவர்களையும் மாமா விடமாட்டார். தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்காரும் புது ஆளிடம் பத்து நிமிடத்துக்குள் பேச்சைத் துப்பாக்கியில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அவருடைய வாப்பாவின் வாப்பாவுக்கு ஒரு கப்பல் தலைவன் பரிசாகக் கொடுத்ததாம். தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இடித்து, பின்னால் சிறிய செம்புத் தொப்பியை மாட்டிச் சுடுகிற அந்தக் காலத்து ரிவால்வர். அதைக் கொண்டு ஆற்றில் கொள்ளைக்காரர் மூவரை விரட்டியதாகச் சொல்வார். சில நாட்களில் அது ஐவர் ஆகும்.

அந்த மாமா ஒரு வருடம் சிறையில் இருந்தார். அவரை அங்கே அனுப்பியவன் நான். இதை இதுவரை யாரிடமும் இப்படி நேராகச் சொன்னதில்லை. என் பிள்ளைகளே என்னைக் கிழவன் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது.

எண்பத்தெட்டுப் போராட்டத்தில் மூடிய பள்ளிக்கூடங்கள் இன்னும் திறக்காத மாதங்கள் அவை. வீட்டில் ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மாமா கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் தேநீர்க் கடையில் வட்டார அதிகாரி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் பர்மியர், நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். தேநீரைக் குடித்து முடித்து, “நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அந்தத் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா வீட்டுக்கு ஓடிவந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பதின்மூன்று வயது. பள்ளி இல்லாததால் பகலெல்லாம் எனக்கு மாமா வீடுதான்.

“ஏரியில போட்டுடலாமா?” என்றார் மாமா.

“போட்டுட்டு? ஊர் பூரா நீங்க சொல்லி வச்சிருக்கீங்க. காணோம்னா ஒளிச்சு வச்சிருக்கான்னுதான் எழுதுவாங்க” என்றார் மாமி. “எடுத்துட்டு வாங்க. மொதல்ல அது என்னன்னு பாப்போம்.”

மாமி பர்மியப் பெண். மாமாவைக் கட்டிக்கொண்டு எங்கள் மார்க்கத்துக்கு வந்தவர். தமிழைக் காதால் கேட்டே கற்றவர். கீழே அவர்களுடைய கடையில் பம்ப் ஸ்டவ்களும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் பழுதுபார்ப்பது அவர்தான். விற்பதும் பேசுவதும் மாமா. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, லோஞ்சிக் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஒரு ஸ்டவ்வின் முன் உட்கார்ந்தால், அது எரியாமல் அவர் எழுந்ததை நான் பார்த்ததில்லை.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார். தரையில் செய்தித்தாளை விரித்தார். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் விசைப் பக்கமே விரல் போகவில்லை. முதலில் குண்டு போடுகிற உருளையின் ஒவ்வொரு அறையாக உற்றுப் பார்த்தார். மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. பிறகு துப்பாக்கியின் பின்னாலிருக்கும் சுத்தியலைப் பாதிவரை இழுத்து நிறுத்தி, உருளையை மெல்லச் சுற்றினார். பக்கவாட்டில் ஒரு சிறிய இரும்பு ஆப்பு இருந்தது. அதை மரக்கட்டையால் இரண்டு தட்டு தட்டி வெளியே தள்ளினார். குழல் முன்பக்கமாக நழுவிக் கையோடு வந்தது. அடுத்து உருளை. ஒன்றையும் அவர் பலவந்தமாக இழுக்கவில்லை. கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே தாளில் வைத்தார். இதற்கு முன் அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

உருளையின் பின்புறத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது நம்ம ஸ்டவ்வு நிப்பிள் மாதிரியே இருக்கே.”

தொப்பி மாட்டுகிற ஆறு முனைகளும் அப்படித்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசி நுழையும் அளவு துளை.

குழலின் அடியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோதுதான் அந்த எழுத்துகள் தெரிந்தன. குண்டை இடிக்கிற கோல் மடங்கிக் கிடக்கும் பள்ளத்துக்குள், ஏதோ அயல்நாட்டுத் தொழிற்சாலையின் பெயரும், கறுப்பு மருந்து மட்டுமே போட வேண்டும் என்ற ஆங்கில எச்சரிக்கையும் இருந்தன. முனை மழுங்காத புத்தம்புது எழுத்துகள். பழைய ரிவால்வரைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்த நகல் அது.

“ஒங்க வாப்பாவோட வாப்பா துப்பாக்கியா இது? இது என்னைவிடச் சின்னப் புள்ளையால்ல இருக்கு!”

மாமா கூரையைப் பார்த்தார். “கப்பக்காரன் ஏமாத்திட்டான் போல.”

“வெளியில இருந்த எழுத்தையெல்லாம் அரத்தால ராவினது யாரு? அதுவும் கப்பக்காரனா?”

நான் சிரித்தேன். மாமி என்னைப் பார்த்துவிட்டு, “நீ வீட்டுக்குப் போ, உம்மா தேடும்” என்று அனுப்பிவிட்டார். நான் படியிறங்கும்போது ஈயம் பற்றவைக்கிற இரும்பை அவர் கரியில் சூடுகாட்டத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் காலை நான் முன்னதாகவே போய்ச் சுவரோரம் இடம்பிடித்தேன். அதிகாரி வந்தார். கூடவே எழுதுவதற்கு ஓர் இளம் குமாஸ்தா. மாமி அவர்கள் முன்னால் துப்பாக்கியை மறுபடி கழற்றினார். ஆப்பு, குழல், உருளை. முந்தின நாளைவிடப் பாதி நேரம்தான் ஆகியிருக்கும். அதிகாரி தேநீரைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்திலிருந்த எழுத்துகளை மாமி காட்டினார். அதிகாரி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

“நகல்தான். ஆனால் சுடுமா?”

“சுடாது சயா. நெருப்பு உள்ளே போக வழியில்லை. நீங்களே பாருங்கள்” என்று பர்மிய மொழியில் சொல்லி, ஸ்டவ் நிப்பிள் குத்துகிற ஊசியை அவர் கையில் கொடுத்தார் மாமி.

அதிகாரி முதல் துளையில் குத்தினார். ஊசி போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதிலும் போகவில்லை. எல்லாம் ஈயத்தால் அடைபட்டிருந்தன. அவர் உருளையைத் தாளில் வைத்தார், விரலைத் துடைத்துக்கொண்டார். “பொம்மை என்று எழுது” என்றார் குமாஸ்தாவிடம்.

வகுப்பில் கணக்கில் எப்போதும் நான்தான் முதல். வாய் தானாகத் திறந்தது.

“சயா, ஆறு துளை இருக்கிறது. நீங்கள் ஐந்துதான் பார்த்தீர்கள்.”

குமாஸ்தாவின் பேனா நின்றது. அவன் தலையை நிமிர்த்தி உருளையைப் பார்த்தான். அதன் பிறகு அதிகாரிக்கு வேறு வழி இருக்கவில்லை. உருளையை எடுத்து ஆறாவதில் ஊசியை வைத்தார். ஊசி வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போயிற்று.

“என் கைப்பிசகு சயா! ஒன்றை மறந்துவிட்டேன்!” என்று மாமி அலறினார். மாமாவை அப்போதே அழைத்துப் போனார்கள்.

ஒரு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தார், பாதி ஆளாக. தேநீர்க் கடைக்குப் போனார், வந்தார். யாரிடமும் எந்தக் கதையும் சொல்லவில்லை. என்னைக் கண்டபோது தலையைத் தடவி, “கணக்குல கெட்டிக்காரன்டா நீ” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நானும் அதை அப்படியே வாங்கிக்கொண்டேன். அதைவிட மோசம், மாமி ஒன்றை அடைக்க மறந்ததால்தான் எல்லாம் வந்தது என்று சொந்தக்காரர்களிடம் நானே பல வருடம் சொல்லித் திரிந்தேன். மாமி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசியதில்லை.

மாமா மௌத்தான பிறகு ஒருநாள், கடையில் ஒரு ஸ்டவ்வைப் பிரித்துக்கொண்டே மாமி சொன்னார். “மறப்பேனா நான்? அஞ்சை அடைச்சு முடிச்சதும் ஒங்க மாமா என் கையப் புடிச்சுக்கிட்டாரு. ‘ஒன்னையாவது விடு, எல்லாத்தையும் அடைச்சா அது செத்துரும்’னாரு. கப்பக்காரன்கிட்ட பழசா வாங்கின சாமான்தான். இருந்தாலும் அவரு கண்ணுல தண்ணி. நான் வுட்டுட்டேன்.”

“பெரிய ஆபத்தாச்சே மாமி!”

“அந்த அதிகாரி ஆறாவதைப் பாக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். புடிக்க வர்றவன் ஒருநாள் முன்னாடியே சொல்லிட்டுத்தானா வருவான்?”

சொல்லிவிட்டு ஊசியை எடுத்து நிப்பிளைக் குத்தத் தொடங்கினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உருளையை மறுபடி எடுக்கும் முன் அந்த அதிகாரி என்னை ஒருகணம் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பெரியவர்கள் விட்டதைச் சின்னப்பையன் கண்டுபிடித்துவிட்டானே என்று வியக்கிறார் என்று நினைத்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.