பின்னாலிருந்து தள்ளியவர்கள்

அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்த காலையில் திருவொற்றியூர் சாலையெங்கும் மழைத்தண்ணீர். பாதி வழியில் எங்கள் ஆட்டோ நின்றுவிட்டது. நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். மீன் விற்கப் போன இரண்டு பெண்கள் கூடையை இறக்கிவிட்டு என்னோடு சேர்ந்தார்கள். அப்போதும் வண்டி நகரவில்லை. எட்டிப் பார்த்தால், வழியில் வந்த ஒருவர் முன்னாலிருந்து எங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, நீ அந்தாண்டயிருந்து தள்ளிக்கினு கீறே? எப்டி நவுரும்?” என்று ஒருத்தி கத்தினாள்.

“தண்ணி இல்லாத பக்கமா வுட்லாம்னு பாத்தேம்மா.”

“உள்ள புள்ளத்தாச்சி கீதுண்ணா. பின்னால வா!”

அவரும் பின்னால் வந்து கைவைத்ததும் வண்டி நகர்ந்தது. விடாமல் தள்ளத் தள்ள வேகம் கூடியது. கடைசியில் ஆட்டோவுக்கு ஈடாக ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றோம். மதியத்துக்குள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.