பேசினால் உதைக்காத பசு

இன்று என்னை வாயாடி என்கிறார்கள். அன்றோ மனிதர் முகம் பார்த்தால் எனக்கு நா எழாது. பேசுவதெல்லாம் எங்கள் செவலைப் பசுவோடுதான். கறக்கும்போது ஊர்க்கதை முழுவதும் அதற்குச் சொல்வேன். பேச்சை நிறுத்தினால் உதைக்கும்.

தீவனம் கிடைக்காத ஒரு கோடையில் அதை வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிப் போனேன். வாங்க வந்த அம்மாள், "ஏனுங்க, ஒதைக்குமுங்களா?" என்று கேட்டார். பேசிக்கொண்டே கறந்தால் உதைக்காது என்று சொன்னால் சந்தையே சிரிக்குமே! கூச்சத்தில் இல்லையென்று தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரச் சந்தையில் அவர் வலக்கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

"ஒரே ஒதைங்க, மணிக்கட்டு போச்சு. என்ற கைராசி அப்படீங்க" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"தப்பு என்னுதுங்க, அம்மணி" என்று அவர் வீட்டுக்கே போனேன். தெருவே கூடிச் சிரிக்க, பசுவோடு பேசிக்கொண்டே கறந்து காட்டினேன். அது அசையாமல் நின்றது.

"இத்தன பேச்சு இருக்குதுங்களே, அன்னைக்கு ஒண்ணு சொல்லியிருக்கலாமுங்க" என்றார் அவர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாய் திறக்காமல் கெடுத்தது அடுத்தவர் கையை. அது கடைசிவரை நேராகவில்லை. இப்போதெல்லாம் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.